துண்டுக்குள் பேசியது

மே 4, திங்கள்

இந்த டைரி எனக்கு வேண்டாம் என்று கஸ்தூரியிடம் சொன்னேன். ஐஸ் கம்பெனிக்காரன் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. "கத்தணும்னு தோணும்போதெல்லாம் இதுல எழுதுய்யா" என்று சொல்லிப் பையில் திணித்துவிட்டாள். என் மனைவி ஒன்றைத் திணித்தால் திணித்ததுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கத்துகிறவன் இல்லை. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவன். படகெல்லாம் ஒரே நேரத்தில் கரைக்கு வரும். எஞ்சின் சத்தம், காக்கா சத்தம், கூடைக்காரப் பெண்களின் சண்டை. இத்தனையையும் தாண்டிக் கடைசியில் நிற்கிற வியாபாரிக்கும் விலை கேட்க வேண்டும். அதற்கு எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசுகிறேன். தேசப்பன் குரல் துறைமுகத்துக்கு வெளியே பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும் என்பார்கள். பெருமையாகத்தான் சொல்வார்கள்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, எனக்கும் வேலையில்லை. அதனால்தான் ஜலஜாவுடன் நான் வந்தேன். என் மகள். பதினேழு வயது. கபடியில் அவள் காலைப் பிடிக்க இன்னொரு பெண் பிறந்து வர வேண்டும். மாநில ஜூனியர் அணிக்கு ஆள் எடுக்கும் முகாம் இந்தச் செங்காட்டுவலசில் நடக்கிறது. ஈரோட்டில் இறங்கி இரண்டு பஸ் மாறி வரவேண்டிய ஊர். முப்பது பெண்களில் பன்னிரண்டு பேரை எடுப்பார்கள். அடுத்த வாரக் கடைசியில் தேர்வுப் போட்டி. அணியில் இடம் கிடைத்தால் கல்லூரியும் கிடைத்த மாதிரி. கிடைக்கவில்லை என்றால் அவள் அம்மாவோடு மீன் கூடை தூக்க வேண்டியதுதான். 

பெண்கள் பள்ளி விடுதியில் தங்க வேண்டும். வீட்டார் ஒருவர் ஊருக்குள் இருக்க வேண்டும். பள்ளி கேட்டில் பையைக் கொடுக்கும்போது ஜலஜா சொன்னாள்:

"ப்பா, நீ கிரவுண்டு பக்கம் வரக் கூடாது."

"வந்தா இன்னா?"

"வந்தா நான் பஸ் ஏறிடுவேன். சத்தியமா."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? இத்தனை நாள் இந்த ஊரில் நான் என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை.

மே 5, செவ்வாய்

ஊரைச் சுற்றிப் பார்த்தேன். இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன், அது செரிப்பதற்குள் ஊர் முடிந்துவிட்டது. ஒரு பஸ் நிலையம், இரண்டு பேக்கரி, கல்யாண மண்டபமாக மாறிவிட்ட ஒரு சினிமாக் கொட்டகை, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு நூலகம். மதியத்துக்கு மேல் தெருவில் நாய்கூட இல்லை.

நூலகத்தில் பேப்பர் படித்தேன். நூலகர் எழுந்து வந்து, "ஐயா, மனசுக்குள்ள படிங்க" என்றார். மனசுக்குள்தான் படித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

தங்கியிருப்பது பாவாயி அக்கா லாட்ஜில். கீழே மெஸ், மேலே நான்கு அறை, பின்னால் மாட்டுக் கொட்டகை. மெஸ், லாட்ஜ், இரண்டு மாடு எல்லாவற்றையும் அந்த அம்மாள் ஒருத்தியே பார்க்கிறாள். இரவு சாப்பாடு போடும்போது கேட்டாள்:

"உங்க சம்சாரத்துக்கு முட்டி வலி தேவலைங்களா தம்பி?"

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"போன்ல பேசுனீங்கல்லங்க. பேக்கரில இருக்கறவங்களும் கேட்டாங்க."

மே 6, புதன்

வெயில். தூங்கினேன். எழுந்து டீ குடித்தேன். மறுபடி தூங்கினேன்.

மே 7, வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. பள்ளிக்குப் பின்பக்கம் ஒரு வேப்பமரம் இருக்கிறது, நிழலுக்காக அங்கே போனேன். மரத்தை ஒட்டி மதில் இருந்தால் அதற்கு நான் பொறுப்பா?

உள்ளே விசில் சத்தம், காலடிச் சத்தம். யாரோ ஒரு பெண் 'கபடி கபடி' என்று எதிர்ப்பக்கம் போய் நன்றாகப் பாடிவிட்டு வந்தாள் போல, எல்லோரும் கை தட்டினார்கள். "சபாஷ்" என்றேன். ஒரே ஒரு சபாஷ். எனக்கே கேட்காத மாதிரிதான் சொன்னேன்.

சாயங்காலம் போன் வந்தது.

"ப்பா, செவுத்துக்குப் பின்னால நீதானே?"

"நான் ரூம்ல தூங்கிக்கினு இருந்தேன்."

"கோச் மேடம் திரும்பிப் பாத்தாங்கப்பா. இதான் கடைசி. சொல்லிட்டேன்."

இவளுக்கு இத்தனை கோபம் வரக் காரணம் போன வருஷம் நடந்தது. மாவட்ட இறுதிப் போட்டி, கடைசிப் பாட்டு இவளுடையது. எதிராளி பக்கம் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். பாட்டு நடுவில் விட்டுப்போனது என்று நடுவர் விசில் ஊதிவிட்டார். கபடியில் ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போய்ப் பாடிக்கொண்டே திரும்ப வேண்டும். அது நடுவர் காதில் விழ வேண்டும். நான் விடவே இல்லை என்று இவள் அழுதாள். நடுவருக்குக் காது மந்தம். கோட்டை ஒட்டி நின்று அவளை உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தவன் நான், எனக்குத் தெரியாதா? அதன் பிறகு ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. தோற்ற வருத்தம்.

மே 8, வெள்ளி

இன்று நடந்ததை எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். கஸ்தூரியிடம் சொல்ல முடியாது. எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை இங்கே மாட்டுச் சந்தை. ஊரே அங்கேதான் இருந்தது. மாடு, கன்று, வைக்கோல், கரும்புச்சாறு. இத்தனை கூட்டத்துக்கும் ஏலச் சத்தம் எங்கே என்று பார்த்தேன். இல்லை. இரண்டிரண்டு பேராக நின்று கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, எங்கோ வானத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் தலையை ஆட்டுகிறார், இன்னொருவர் உதட்டைப் பிதுக்குகிறார். பிறகு கயிறு கைமாறுகிறது. முடிந்தது வியாபாரம்!

பொங்கியண்ணன் என்று ஒரு தரகர், வெள்ளை மீசைக்காரர், எனக்கு விளக்கினார். விலையைத் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் சொல்வார்களாம். இந்த விரலுக்கு இவ்வளவு, இத்தனை விரல் சேர்த்துப் பிடித்தால் அவ்வளவு.

"வாயில சொன்னா இன்னாங்க?" என்றேன்.

"பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரிஞ்சு போகுமுங்களே. விக்கறவங்க மனசுல இருக்கற விலை, தரகனுக்கு மட்டுந்தேன் தெரியோணும்."

அங்கே பார்த்தால் பாவாயி அக்கா தன் செவலை மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோள்பட்டை வலி, இரண்டு மாட்டையும் கறக்க முடியவில்லை, ஒன்றை விற்க வந்திருக்கிறாள். பொங்கியண்ணன்தான் அவளுக்குத் தரகர். இதற்குக் கீழே போகாதீர்கள் என்று தன் கடைசி விலையை அவரிடம் சொல்லியிருந்தாள். மாட்டை மூன்று பேர் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மீன் ஏலக்காரன் என்று தெரிந்ததும் பொங்கியண்ணனுக்கு விளையாட்டு. "கையைக் குடுங்க மெட்ராஸ்காரரே. அக்கா சொன்ன விலை இதுங்க. புரியுதுங்களா பார்க்கலாம்" என்று துண்டைப் போட்டு என் விரலைப் பிடித்தார்.

புரிந்துவிட்டது. அதுதான் வினை. முப்பது வருஷமாக ஒரு விலை என் கைக்கு வந்தால் வாய் தானாகத் திறக்கும். திறந்தது. தொகையைச் சொல்லி, "ஒரு தரம்!" என்றேன்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. ஒரு கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சுற்றி வந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கடைசி விலை தெரிந்துவிட்ட மாட்டுக்கு ஒரு விரல் கூடுதலாகப் பிடிக்க யாருக்கு மனசு வரும்? பாவாயி அக்கா கயிற்றை இழுத்துக் கையில் சுருட்டினாள். மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

தொகையை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை சொன்னதே போதும்.

மே 9, சனி

காலையில் இட்லி வந்தது. சட்னி கேட்டேன், வந்தது. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். பேசாமல் இருப்பவர்களிடம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

கொட்டகைப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு கையால் தோளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அடுத்த சந்தை வரைக்கும் செவலையை நான் பாத்துக்கறேன்."

"மாட்டுக்குப் பக்கத்துல போயிருக்கீங்களா தம்பி?"

"பெரிய பெரிய சுறாவெல்லாம் பாத்திருக்கேன்க்கா."

சிரிக்கவில்லை. ஆனால் கூடையை என் கையில் கொடுத்தாள்.

மே 10, ஞாயிறு

சாணி அள்ளினேன். சோளத்தட்டு வெட்டினேன். தண்ணீர் காட்டினேன். செவலையைக் குளிப்பாட்டினேன், என்னையும் சேர்த்து. இடுப்பு கழன்றுவிட்டது. பகல் எப்படிப் போனது என்றே தெரியவில்லை.

மே 11, திங்கள்

உதைத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே. நான் பின்னால் வந்து, "இன்னாம்மா செவலை, சாப்பிட்டியா?" என்று பாசமாகத்தான் கேட்டேன்.

மே 12, செவ்வாய்

அக்கா கறக்கும்போது ஏதோ ஒன்றை மெல்ல முனகிக்கொண்டே இருக்கிறாள். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. "ம்ம், ம்ம், என்ற தங்கம்" என்று. மாடு காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. இன்று நான் பக்கத்தில் நின்று மெஸ்ஸுக்கு வந்த காய்கறியைப் பற்றி ஏதோ சொன்னேன். பால் நின்றுவிட்டது. மாடு அடக்கிக்கொண்டதாம்.

"கோபமாக்கா அதுக்கு?"

"கோபமெல்லாம் இல்லைங்க தம்பி. அது என்ற குரலைக் கேட்டுத்தேன் பால் விடும். நீங்க நல்லதுக்குத்தேன் பேசறீங்க. ஆனா நீங்க பேசுனா என்ற குரல் அதுக்குக் கேக்க மாட்டீங்குது."

இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

மே 13, புதன்

தூக்கம் வரவில்லை.

மே 14, வியாழன்

பெண்களுக்கு அரை நாள் ஓய்வு. ஜலஜா மெஸ்ஸுக்கு வந்தாள். கறுத்துப் போயிருக்கிறாள், முழங்கையில் சிராய்ப்பு. வந்தபோது நான் செவலைக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தேன்.

"வாம்மா, சாப்பிட்டியா?" என்றேன்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "ப்பா, உனக்கு உடம்பு சரியில்லயா?"

"ஏன்?"

"இவ்ளோ மெதுவா பேசுற?"

மாடு இருக்கிறது என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் இருக்கும். பாவாயி அக்கா விடுதிக்குப் பால் கொடுக்கப் போவதால் ஜலஜாவுக்கு என் கதை எல்லாம் தெரிந்திருக்கிறது. சந்தை விஷயம் உட்பட. "ஒரு தரம்னியாமே" என்று மறுபடி சிரித்தாள்.

சாப்பிடும்போதுதான் உண்மையைச் சொன்னாள். ஓட்டம் நன்றாக இருக்கிறதாம், பிடியும் நன்றாக இருக்கிறதாம். பாட்டில்தான் தடுமாற்றம். திரும்பி வரும்போது நடுவருக்குக் கேட்கிறதோ இல்லையோ என்று பயம் வந்துவிடுகிறதாம், பயம் வந்தால் மூச்சு உடைகிறதாம். "கோச் மேடம் குறிச்சு வச்சிருக்காங்கப்பா. சண்டே அன்னைக்கு உடைஞ்சா அவ்ளோதான்."

எனக்கு ஆயிரம் யோசனை தொண்டை வரை வந்தது. சாதத்தை வாயில் போட்டுக்கொண்டேன். அவள் போன பிறகு, பரிமாற வந்த அக்கா இன்னொரு ஆம்லெட் வைத்தாள். நான் கேட்கவில்லை.

மே 15, வெள்ளி

சந்தை. கிளம்பும்போதே பாவாயி அக்கா வெற்றிலையை மடித்து என் வாய் நிறையத் திணித்துவிட்டாள். துப்பக் கூடாது என்று உத்தரவு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கற்சிலையாக நின்றேன். என்னைப் பார்த்து ஊரே சிரித்தது, சிரிக்கட்டும். பக்கத்து ஊர் அம்மாள் ஒருத்தி மகனோடு வந்தாள். செவலையின் மடியைத் தொட்டாள், வாலைத் தூக்கினாள், பல்லைப் பார்த்தாள். நான் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். மாடு அசையவில்லை.

"ஆரு இவரு?" என்றாள்.

"மெட்ராஸ்காரருங்க. ஒரு வாரமாத்தேன் மாட்டைப் பார்க்கறாரு" என்றார் பொங்கியண்ணன்.

"புது ஆளுகிட்டயே இப்படி நிக்குதுன்னா சாது மாடுதேன்" என்று மகனைப் பார்த்தாள். மகன் துண்டுக்குள் கையை விட்டான். ஒருமுறை பிடித்தான். பொங்கியண்ணன் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி பிடித்தான். கயிறு கைமாறியது.

நான் போன வாரம் கத்தின தொகையைவிட அதிகமாம். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் அதில் திருப்தி.

செவலை போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தது. ஒரு வாரம் பழகிய மாட்டுக்காக அழுகிற ஆள் இல்லை நான். வெற்றிலைக் காரம்.

மே 16, சனி

மத்தியானம் ஜலஜா கூப்பிட்டாள்.

"ப்பா, நாளைக்கு வரியா?"

"எங்கே?"

"கிரவுண்டுக்குத்தான். பாவாயி அத்தை சொன்னாங்க, நீ இப்ப சும்மா நிக்கறியாம். ஆனா ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் வந்துச்சு..."

"வராதும்மா" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. மாட்டுக்கு முன்னால் வாயை மூடுவது வேறு. என் மகள் எதிராளிகளுக்கு நடுவில் தனியாக நிற்கும்போது மூடுவது வேறு. போகாமல் இருப்பதே நல்லது என்று பொங்கியண்ணனிடம் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நானும் வாரேன். துண்டைக் கொண்டாறேன்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

நடுவருக்குக் காது மந்தம் என்று இந்த டைரியில் எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

மே 17, ஞாயிறு

மைதானத்தில் நல்ல கூட்டம். நானும் பொங்கியண்ணனும் கோட்டுக்குப் பக்கத்தில் போகவில்லை, பின்வரிசையில் நின்றோம். பாவாயி அக்கா மெஸ்ஸைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். போட்டி தொடங்கியதும் பொங்கியண்ணன் என் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துத் துண்டைப் போட்டார்.

"கத்தோணும்னு தோணுனா இதுல சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஜலஜா முதல் தடவை பாடப் போனபோது சொன்னேன். ஒருத்தி இவள் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தபோது சொன்னேன். இவளை வெளியே உட்கார வைத்தபோது இரண்டு தடவை சொன்னேன். பொங்கியண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "இந்த விலைக்கு யானையே வாங்கலாமுங்க" என்றார்.

கடைசி நிமிடம். இவள் அணி ஒரு புள்ளி பின்னால். கோச் மேடம் ஜலஜாவைப் போகச் சொன்னார். நடுவர் கோட்டை ஒட்டி வந்து தலையைச் சாய்த்து நின்றார். போன வருஷம் மாதிரியேதான். என் வாய் திறந்துவிட்டது, சத்தியமாகத் திறந்துவிட்டது. பொங்கியண்ணன் விரலை முழு பலத்தோடு பிடித்தேன். வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது.

அப்போதுதான் கேட்டேன்.

'கபடி கபடி கபடி கபடி.' மெல்லிய குரல். ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற மாதிரி, ஒரே அளவாக, விடாமல். அவள் ஆறாம் வகுப்பிலிருந்து விளையாடுகிறாள். ஒரு போட்டி விடாமல் போயிருக்கிறேன். என் மகள் பாடி நான் கேட்டதே இல்லை. இன்றுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்து எதுவும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, கேட்டதே. இடது மூலைக்குப் போனது அந்தக் குரல். யாரோ விழுந்தார்கள், புழுதி எழும்பியது. குரல் உடையவில்லை. திரும்பியது. கோட்டைத் தாண்டியது. அப்புறம்தான் நின்றது.

நடுவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார்.

அரை மணி கழித்துக் கோச் மேடம் பெயர்களைச் சொன்னார். ஜலஜா தேசப்பன் என்று மைக்கில் கேட்டது. பாவாயி அக்கா போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கா எல்லாம் பறந்தது. நான் போடவில்லை.

ஜலஜா ஓடிவந்தாள். தலையெல்லாம் மண். மூச்சு வாங்கியது.

"ப்பா, இப்ப கத்துப்பா. இப்ப கத்தலாம்."

வாயைத் திறந்தேன். காசிமேட்டையே எழுப்புகிற தொண்டை, ஒரு எழுத்து வரவில்லை. அவள் என்னையே பார்த்தாள். பிறகு பொங்கியண்ணனிடம் துண்டை வாங்கி என் கைமேல் போட்டு, உள்ளே கையை விட்டு என் விரல்களைப் பிடித்தாள். ஒன்றை விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள். அப்புறம் விடவே இல்லை.

மெஸ்ஸுக்குத் திரும்பும்போது பொங்கியண்ணன் வீங்கின விரலை ஊதிக்கொண்டே கேட்டார்:

"மக என்னங்க சொல்லுச்சு?"

துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை என்றேன்.